அவர் சொன்னதா, அண்ணி சொன்னதா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. கேட்டைப் போட்டுவிட்டு, இன்ஜினை ஒரு முனையில் கழற்றி மறுமுனையில் மாட்டி, அது நகர்வதற்குள் பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்து ஒரு சம்பந்தமே பேசி முடித்துவிடலாம். ஊரெல்லாம் சபிக்கிற அந்தக் கேட்டின்மேல் வானதிக்கு மட்டும் கோபம் கிடையாது. அவள் பிழைப்பே கேள்வி கேட்பது. நகர முடியாமல் நிற்கிற கூட்டத்தைவிடக் கேள்விக்குத் தோதான கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்?

ஊரில் அவளுக்குக் 'கேள்வி டாக்டர்' என்று பெயர். உண்மையில் டாக்டர் இல்லை. மனம் நொந்தவர்களோடு பேசிக் குணம் காண்கிற படிப்பு படித்தவள். பெரிய நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தாள். அங்கே ஆளுக்கு ஐந்து நிமிஷம், கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? அது பொறுக்காமல் ஊருக்குத் திரும்பி, கடைத்தெருவில் ஒரு விதைக்கடையின் மாடியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். மாத்திரைக்கு அவள் எதிரி இல்லை. வேண்டியிருந்தால் தஞ்சாவூரில் ஒரு மருத்துவரிடம் அனுப்புவாள், கூடவே போய் உட்கார்ந்தும் வருவாள். ஆனால் மாத்திரைக்கு முன்னால் மனிதரைக் கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அவள் வேலை செய்கிற முறையே தனி. நோயாளியைத் தன்னிடம் வரச் சொல்ல மாட்டாள், வீட்டுக்கே போவாள். குடும்பத்தையே வட்டமாக உட்கார வைப்பாள். கூட அனீஸா வருவாள். கூத்தாநல்லூர்க்காரி, முன்பு நர்ஸ், அதிகம் பேசாதவள். பேச்சு பாதியில் நிற்கும்போது இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அந்தக் குடும்பத்துக்கு முன்னாலேயே அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். புறம் பேசுவதை முகத்துக்கு நேரே பேசுகிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், இரண்டாம் முறை அழுகை வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. யாரைப் பற்றிய பேச்சோ அவர் இல்லாத இடத்தில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்கவும் கூடாது.

அந்த விதியோடுதான் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கேட்டில் நின்றிருந்தாள். ஸ்கூட்டரை ஓட்டுவது அனீஸா, பின்னால் வானதி. பக்கத்தில் ஒரு பைக் வந்து உரசாத குறையாக நின்றது. ஓட்டி வந்தவன் பிரபு என்று பெயர் சொன்னான். பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் நிலத்தையும் தன் நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைப்பவன், அண்ணன் குணசேகரன் கத்தாரில். அண்ணிக்குக் காதில் ஒரு ஆள் பேசுகிறார் என்று அவன் ஆரம்பித்தான்.

வானதிக்குக் காது நிமிர்ந்தது. ஆனாலும் விதி விதிதானே. அண்ணி இல்லாமல் அண்ணியைப் பற்றிக் கேட்க மாட்டேன், நாளைக் காலையில் வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

பிரபு சற்று யோசித்தான். "நான் அண்ணியைப் பத்திப் பேசல மேடம். அந்த ஆளைப் பத்திப் பேசுறேன்" என்றான்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பது இதுதான். குரலைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வானதிக்கு ஆவல் தாங்கவில்லை. கேட் இன்னும் திறக்கவில்லை. சொல்லுங்கள் என்றுவிட்டாள். அனீஸா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள், அதை வானதி பார்க்காதது மாதிரி இருந்துகொண்டாள்.

அவன் சொன்ன கதை இது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணி பிரகதாம்பாளுக்குக் காதில் ஓர் ஆண்குரல் கேட்க ஆரம்பித்தது. குடும்பம் பயந்துபோய் ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊசி போட்டார்கள். அண்ணி திரும்பி வந்தபோது தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளக்கூடக் கை தூக்க முடியவில்லை, வாயோரம் எச்சில் வழிந்தது. குரல் மட்டும் போகவில்லை. அந்த ஐப்பசியில் ஒரு நாள், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, வடிகாலை வெட்டிவிடச் சொல்லி அந்தக் குரல் சொல்கிறது என்றாள் அண்ணி. பிரபு வேடிக்கைக்குத்தான் வெட்டினான். அன்று ராத்திரி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. ஊர் வயலெல்லாம் முழுகிற்று, இவர்கள் நாற்று மட்டும் தலை நிமிர்ந்து நின்றது.

அதோடு அந்தக் குரலுக்கு யோகம் அடித்தது. நாற்றுவிட நாள் குறிப்பது, தண்ணீர் கட்டுவது, உரம் போடுவது எல்லாம் 'அவர்' சொன்னபடிதான். அக்கம்பக்கத்தவர்களும் வந்து கேட்டார்கள். ஒருத்தர் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டு அனுப்பினார், அவருக்கு வயல் மட்டும்தான் தெரியும் என்று பதில் வந்தது. சில தடவை அவர் சொன்னது பலிக்கவும் இல்லை. அதனால் என்ன? மழை வரும் என்று சொல்லி வராமல்போனால் வானிலைக்காரர்களுக்கு யாராவது ஊசி போடுகிறார்களா?

இப்போதுதான் தகராறு. சம்பா முற்றி, கதிர் சாய்ந்து நிற்கிறது. கடலில் தாழ்வுப் பகுதி என்கிறார்கள். போன வாரம் அறுவடை மிஷின் வந்து வயலோரம் நின்றபோது அண்ணி குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். மிஷின் இறங்கக் கூடாது என்று அவர் சொல்கிறாராம். மிஷின்காரன் திட்டிவிட்டுப் போய்விட்டான், இனி வெள்ளிக்கிழமைதான் முறை. அதற்குள் அவர் மனசு மாற வேண்டும். இல்லையென்றால் வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரி வண்டி வரும், அண்ணியைப் பழையபடி அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அறுப்பதைத் தவிர வழியில்லை. அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே அண்ணி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள் என்பதையும் அவனே சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, சொல்லும்போது அவன் குரலும் சரியாக இல்லை.

"விவசாயம் பேசுறதை எடுத்துடாதீங்க மேடம், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான் கடைசியில். "இந்த அறுப்பு விஷயத்துல மட்டும் அவரைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க."

கேட் திறந்தது. வானதிக்குத் தலைக்குள் பத்துக் கேள்வி முளைத்துவிட்டது. இப்படி ஒரு குரலை அவள் தொழிலில் சந்தித்ததே இல்லை. திட்டுகிற குரல் தெரியும், செத்துப்போ என்கிற குரல் தெரியும், யூரியா எப்போது போட வேண்டும் என்று சொல்கிற குரலை யார் கண்டது?

மறுநாள் காலை கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பொங்கல் கரும்பில் இரண்டு இன்னும் மூலையில் சாத்தியிருந்தது. குணசேகரன் கத்தாரிலிருந்து வீடியோவில் வந்தார், போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிரகதாம்பாளுக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதிருக்கும். வெயிலில் கறுத்த, கெட்டியான கை. எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒரு தம்ளர் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

மற்ற வீடுகளில் 'அவர்' என்றால் புருஷன். இந்த வீட்டில் புருஷன் 'அவுங்க' ஆகிவிட்டார், 'அவர்' என்றால் வேறு ஆள். இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. குணசேகரன் திரையில் முகம் தெரிந்ததுமே, அவர் இன்றைக்கு என்ன சொல்கிறார் என்றுதான் கேட்டார்.

வானதி மெதுவாக ஆரம்பித்தாள். அவர் இப்போது இருக்கிறாரா? இருக்கிறார், வடக்குப் பக்கமாக. என்ன வயது? ஐம்பது, ஐம்பத்தைந்து. எப்படிப் பேசுவார்? வெற்றிலை போட்ட வாயோடு பேசுவார், ஏ புள்ள என்றுதான் கூப்பிடுவார். தெரிந்த யாருடைய குரல் மாதிரியாவது இருக்கிறதா? இல்லை. அப்பா குரலா, மாமனார் குரலா? இல்லை, இல்லை. அமாவாசையன்றைக்குப் பேச மாட்டார். சாப்பிடுவாரா? கேட்டதில்லை.

வானதி பாயில் முன்னால் நகர்ந்து நகர்ந்து கிட்டத்தட்ட நடுவுக்கே வந்துவிட்டாள். குரல் கேட்பவர்களிடம் குரலை மதித்துப் பேச வேண்டும், அதை விரட்டக் கூடாது, அதற்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அவள் படித்த வழி. அது நல்ல வழிதான். பலருக்கு அதனால் நிம்மதி கிடைத்ததை அவளே கண்டிருக்கிறாள். ஆகவே மிகுந்த மரியாதையோடு, எதனால் மிஷின் இறங்கக் கூடாது என்று அவரிடம் கேட்டுச் சொல்லும்படி பிரகதாம்பாளைக் கேட்டாள்.

பிரகதாம்பாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எறங்கக் கூடாதுன்னா எறங்கக் கூடாதுங்கிறாரு. அவ்வளவுதான்."

வானதி விடவில்லை. வாழ்க்கையில் ஏதாவது பெரிய இழப்பு உண்டா என்று துருவினாள். கல்யாணமான புதிதில் ஒரு கர்ப்பம் கலைந்தது என்றாள் பிரகதாம்பாள். வானதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் அறுப்புக்கும் ஏதாவது தொடர்பு தோன்றுகிறதா என்றாள். பிரகதாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது வேறே, இது வேறேங்க என்றாள். வானதிக்கு லேசாக முகம் சுருங்கிற்று.

பிறகு அவளும் அனீஸாவும் திரும்பி உட்கார்ந்து பேசினார்கள். வானதி அந்தக் குரலைப் பற்றியே பேசினாள். அதன் கண்டிப்பு, அதன் வெற்றிலை, அமாவாசை மௌனம் என்று ஒவ்வொன்றாக வியந்தாள். அனீஸா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னாள். அறுப்பு என்று யார் சொன்னாலும் அக்கா வாசல் பக்கம், ரோட்டோரத்து வயலைப் பார்க்கிறார்கள். அக்கா தம்ளரில் காபி அப்படியே இருக்கிறது, ஆடை படிந்துவிட்டது.

வானதி தலையை ஆட்டிவிட்டு மறுபடி குரலுக்கே போய்விட்டாள். அவள் மனசு அங்கே இருந்தது.

திரும்பும்போதும் கேட் போட்டிருந்தது. வானதிக்குப் பேசாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. யார் இந்த ஆள், எங்கிருந்து வந்தார், எதற்குத் தடுக்கிறார்? ஆனால் பிரகதாம்பாள் இல்லாத இடத்தில் அனீஸா வாயைத் திறக்க மாட்டாள். இருவரும் சரக்கு ரயிலின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஊமைகள் மாதிரி நின்றார்கள். நேற்று இதே இடத்தில் விதியைக் கொஞ்சம் வளைத்தது வானதிக்கு நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டாள்.

வியாழக்கிழமை அவர்கள் போனபோது வாசலில் ஒரு வெள்ளை வண்டி நின்றிருந்தது. டிரைவர் வேப்பமரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. பிரகதாம்பாள் குளித்துத் தலைவாரி, ஒரு துணிப்பையில் மாற்றுப்புடவை எடுத்துவைத்துவிட்டு, அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் வானதிக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் மனுஷர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒன்றையே இன்னும் வேகமாகச் செய்வார்கள், அவளும் அதைத்தான் செய்தாள்.

குரலோடு நேரே பேரத்தில் இறங்கினாள். ஐயா, உங்களோடு பேச வேண்டும் என்றாள். உங்கள் கவலை என்ன, எது செய்தால் ஒத்துக்கொள்வீர்கள், ஒரு நாள் தவணை கொடுங்கள் என்றாள். பிரகதாம்பாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அவர் மசியவில்லை. மிஷினை உள்ளே விட்டால் நான் போய்விடுவேன், அப்புறம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், கூடமே கலங்கிப்போயிற்று. போகச் சொல்லாதீர்கள் அவரை என்று செம்பின்மேல் சாய்ந்திருந்த குணசேகரன் பதறினார். வருகிற குறுவைக்கு யார் நாள் சொல்வது என்றான் பிரபு. கோபமில்லாமல் பேசச் சொல்லி, சமாதானமாகப் போகச் சொல்லி, ஆளாளுக்கு அவருக்குச் சேதி சொன்னார்கள். வானதியும் சொன்னாள். இத்தனை பேரும் பிரகதாம்பாளின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஜன்னல் வழியாகத் தெருவில் நிற்கிறவரோடு பேசும்போது ஜன்னலைப் பார்க்கிற மாதிரி.

பிரகதாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களும் அவருகிட்டதான் கேக்குறீங்க" என்றாள் வானதியிடம். சத்தம் போடவில்லை. "தம்பியும் அவருகிட்டதான் கேக்குது. அவுங்களும் போன்ல அவருகிட்டதான் கேக்குறாங்க. நீங்க புதுசா வந்தீங்க, படிச்சவங்க, வேற மாதிரி கேப்பீங்கன்னு நெனைச்சேன். நான் ஒருத்தி நடுவுல ஒக்காந்திருக்கேன்."

வானதிக்குச் சுருக்கென்றது. அது நாசூக்கான வலி இல்லை, கன்னத்தில் அறைந்த மாதிரியே இருந்தது. ஊரிலேயே பெரிய கேள்விக்காரி என்று பெயர் வாங்கியவள் இரண்டு நாளாக இந்தப் பெண்மணியிடம் இவளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. கர்ப்பம் கலைந்ததைக் கேட்டதுகூட அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான். வயலுக்கு நாள் கேட்டு வந்த ஊர்க்காரர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் நாற்றுக்குக் கேட்டார்கள், இவள் தன் ஆவலுக்குக் கேட்டாள். வெட்கமாக இருந்தது.

அவள் அனீஸா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எல்லோரும் கேட்கும்படியே சொன்னாள். "நான் தப்புப் பண்ணிட்டேன் அனீஸா. செவ்வாய்க்கிழமை கேட்டுலயே அவங்க இல்லாம கதை கேட்டேன். அந்த ஆளு மேல ஆசைப்பட்டு இவங்களை விட்டுட்டேன்."

"ஆமாம்க்கா" என்றாள் அனீஸா. ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை.

வானதி பிரகதாம்பாளிடம் திரும்பினாள். சுற்றி வளைத்துப் பேச வாய் வரவில்லை. "அக்கா, அறுக்கிறதைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

பிரகதாம்பாள் பழக்கமில்லாத சாப்பாட்டை வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டாமல் வெளியே நடந்தாள். டிரைவர் அவள் வண்டிக்கு வருகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தான். அவள் வண்டியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வரப்பில் இறங்கினாள். பின்னால் வானதி, அனீஸா, பிரபு, பிரபுவின் கையில் போனுக்குள் குணசேகரன் என்று ஊர்வலமாகப் போனார்கள்.

ரோட்டோரத்து வயல் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, இருக்கும். அதன் வழியாகத்தான் மிஷின் உள்ளே போய் மற்ற நான்கு மாவுக்கும் சேர முடியும். பிரகதாம்பாள் வரப்போரம் குந்தி உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த நெல்லை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினாள்.

வைக்கோல் நிறத்துக்குள்ளே பச்சையாக இருந்தது. விரற்கடை உயரத்தில், இரண்டிரண்டு இலை விட்டு, உளுந்து முளைத்து நின்றது. கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல்லுக்கு அடியில் அதே பச்சை.

அறுப்புக்கு முன்னாலேயே, மண் மெழுகு மாதிரி இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நெல் போகும்போது உளுந்து எழுந்திருக்கும். கையால் அறுத்தால் மிதிபட்டாலும் நிமிர்ந்துகொள்ளும், மிஷினின் பட்டை ஏறினால் நசுங்கிப்போகும். அதனால் மிஷின் வைக்கிறவர்கள் பெரும்பாலும் தெளிப்பதில்லை. பிரபுவும் தெளிப்பதில்லை.

"எப்ப அண்ணி தெளிச்சீங்க?" என்றான் பிரபு.

மாட்டுப் பொங்கலன்றைக்கு, எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, மடியில் விதையைக் கட்டிக்கொண்டு போய்த் தானே தெளித்ததாகச் சொன்னாள். பிறகு தலை நிமிராமல், முளைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மார்கழியிலேயே தம்பிகிட்டச் சொன்னேன், இந்த ஒரு மாவுல உளுந்து தெளிப்போம்னு. 'அவர் சொன்னாரா, நீங்க சொல்றீங்களா'ன்னு கேட்டுச்சு. நான்தான்னேன். அப்ப விடுங்க அண்ணின்னுட்டுப் போயிடுச்சு."

பிரபு எங்கோ பார்த்தான். அவனுக்கு அது ஞாபகம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

அவர் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று வானதி கேட்டாள். இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"சொல்லியிருக்கலாம். தம்பியே தெளிச்சிருக்கும்." பிரகதாம்பாள் விலக்கிய நெல்லை விட்டாள், பச்சை மறைந்துகொண்டது. "அவரு வர்றதுக்கு முந்தின வருஷம் வெள்ளத்துல எல்லாம் போச்சே, அப்பவும் வடிகாலை வெட்டுங்கன்னு சொன்னேங்க. நான்தான் சொன்னேன். யாரும் கேக்கல. அடுத்த வருஷம் அதே வார்த்தையை அவரு சொன்னாரு, எல்லாரும் கேட்டீங்க. சரி, இந்த உளுந்தாவது நான் சொன்னதா இருக்கட்டும்னு நெனைச்சேன்."

பிரபு போனைத் திருப்பி அண்ணனுக்கு அந்த வயலைக் காட்டினான்.

மிஷின் இறங்கக் கூடாது என்று அவர் சொன்னது உளுந்துக்காகத்தானா என்று அனீஸா கேட்டாள். அது தனக்கே தெரியவில்லை என்றாள் பிரகதாம்பாள். தெளித்த அன்றிலிருந்துதான் சொல்கிறார், காரணம் சொல்வதில்லை. வானதியிடம் இதற்கு அழகான விளக்கம் ஒன்று தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆள் யார், எங்கிருந்து வந்தார் என்பது இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் தூங்கப் பழகிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிழக்கேயிருந்து ஈரக்காற்று வந்தது. கதிர்கள் சலசலத்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வானத்தின் ஞாபகம் வந்தது.

"அக்கா, நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்றாள் வானதி.

பிரகதாம்பாள் எழுந்து நின்று, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அவள் இதை எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ, தடங்கலே இல்லாமல் சொன்னாள். இந்த ஒரு மாவைக் கையால் அறுக்க வேண்டும். தெருவில் நான்கு பெண்களை அவளே கூட்டி வருவாள், இன்றைக்கே தொடங்கினால் நாளை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். உள்ளே இருக்கிற நாலு மாவையும் மிஷின் அறுக்கட்டும். ரோட்டோரமாக இறங்க வேண்டாம், தெற்கே வீரையன் மாமா வயல் வழியாக வரட்டும். அவர்கள் அறுத்து முடித்துவிட்டார்கள், நிலம் சும்மாதான் கிடக்கிறது.

பிரபுவின் முகம் விழுந்தது. வீரையனோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. தெற்கு வரப்பை யார் வெட்டி ஒடுக்கியது என்கிற தகராறு பஞ்சாயத்துவரை போய், இரண்டு வீட்டிலும் ஒருவர் விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை என்று ஆகியிருந்தது. வழி கேட்டுப் போவதென்றால் அவன்தான் போக வேண்டும். வீரையன் வீட்டு வாசலில் அவன்தான் நிற்க வேண்டும்.

அவன் அண்ணியைப் பார்த்தான். பழக்கதோஷம், வாயில் அதே கேள்விதான் வந்தது.

"அண்ணி, இது அவர் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?"

வானதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அனீஸா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

"நான்தான் சொல்றேன்" என்றாள் பிரகதாம்பாள்.

போனுக்குள்ளிருந்து குணசேகரன், தயங்கித் தயங்கி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"அவரு வேணாங்கிறாரு." பிரகதாம்பாள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அவருக்கும் வீரையன் மாமாவைப் புடிக்காது. அவரு சொல்றதை அவரு சொல்லட்டும், நான் சொல்றதை நான் சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து டிரைவர் ரோட்டோரம் வந்து நின்று, கிளம்பலாமா சார், மழை வரும் போலிருக்கிறது என்றான். பிரகதாம்பாள் திரும்பவில்லை. ஆனால் அவள் வலது கை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை வானதி பார்த்தாள். அந்தக் கையைப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. இது பிரபுவின் முறை.

பிரபு வானத்தைப் பார்த்தான். நெல்லைப் பார்த்தான். குனிந்து கதிரை விலக்கி, அந்தப் பச்சையை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு டிரைவரிடம், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், இங்கே யாரும் வரவில்லை என்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெற்கு வரப்பில் ஏறி நடக்க ஆரம்பித்தான்.

கையில் போன் அப்படியே இருந்தது. திரையில் வரப்பும் வானமும் மாறி மாறி ஆடுவதைக் கண்டு, எங்கேடா போறே என்று குணசேகரன் கேட்பது இங்கே நிற்கிறவர்களுக்கும் கேட்டது. பிரபு நடையை நிறுத்தவில்லை.

"வீரையன் மாமா வீட்டுக்குண்ணே" என்றான். "அண்ணி சொன்னாங்க."